பாயின் பஃப்பை நான் பூட்டி வைத்தது

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதுவும் அஞ்செட்டிக்கு மேலே, ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார் இருந்த பள்ளிக்கூடம். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்றும் எனக்குத் தடுமாற்றம்தான். எழுத்துப் பிழைகளைத் திருத்தி நல்ல தாளில் எழுதித் தருவதாக என் மகள் சொன்னாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் என்னுடையவை.

நம் கம்பெனியின் முதலுதவி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். நீங்கள் சான்றிதழ் வாங்கியவர்கள். கட்டுப் போடுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நான் அந்த அறையில் பதினெட்டு வருடம் உதவியாளராக இருந்தேன். அதற்கு முன் லோடிங்கில் இருந்தேன். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கமாட்டேன், அதிகம் பேசமாட்டேன் என்ற இரண்டு காரணத்துக்காக என்னை அங்கே போட்டார்கள். இரண்டாவது காரணம் எவ்வளவு மோசமான தகுதி என்பது பின்னால்தான் தெரிந்தது. சான்றிதழ் இல்லாதவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது என்று விதி வந்ததும் வெளியே வந்துவிட்டேன். எனக்கு வருத்தம் இல்லை. விதி சரியானதுதான்.

கடைசி நாளன்று சிஸ்டர், "புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மாதேஷ்" என்றார். நான் எழுந்து நின்றேன். உங்கள் இருவரையும் பார்த்தேன். "நல்லா வேலை செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்.

சலீம் பாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறவர். அப்போது அவர் டிஸ்பேட்ச் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். மத்திகிரியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார். ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் விரலில் சின்னக் கீறலோடு வந்தார். பேக்கிங் பட்டை கிழித்த கீறல். சாதாரணமாக இரண்டு நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். இருபது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன், பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் அப்போது ஷாப் ஃப்ளோருக்குப் போயிருந்தார். நான் பாயின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பிடிப் பாக்காத மாதேசு. கதவ சாத்து" என்றார். "கிட்ட வா. நெஞ்சுல காது வெச்சிக் கேளு."

காதை வைத்தேன். சட்டைக்குள்ளே கைக்கடிகாரம் ஓடுவது போல ஒரு சத்தம். டிக், டிக் என்று.

"வால்வு மாத்தியிருக்குது. பெங்களூர்ல. இரும்பு வால்வு. ரத்தம் கட்டிக்காம இருக்கிறதுக்கு தெனம் மாத்திரை. அதனாலதான் ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"கம்பெனில தெரியுமா பாய்?"

"தெரிஞ்சா வண்டியில இருந்து எறக்கி வுட்டுடுவாங்க. நான் கான்ட்ராக்ட் ஆளு. எறங்குன சீட்டுல அடுத்த நிமிசமே வேற ஒருத்தன் உக்காந்துக்குவான். நீ வாயத் தொறக்க மாட்டேன்னுதான் உன்கிட்ட சொல்றேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

பாய்க்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பையில் மூச்சுக்கு இழுக்கிற நீல நிறப் பஃப் ஒன்று வைத்திருப்பார். ஆனால் நம் கேட்டில் நடக்கும் முறை உங்களுக்குத் தெரியும். பெயின்ட் ஷாப் இருப்பதால் தீப்பெட்டி, லைட்டர், போன் எல்லாவற்றையும் தட்டில் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பஃப்பும் அழுத்தம் ஏற்றிய டப்பாதான் என்று செக்யூரிட்டிக்காரர் அதையும் வாங்கி வைத்துவிட்டார். மூச்சு முட்டுகிறவர் கேட் வரைக்கும் ஓடி டோக்கன் கொடுத்துப் பஃப் வாங்க வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. செக்யூரிட்டியிடம் கேட்டு வாங்கி, ஒரு கவரில் போட்டு, பாயின் பெயரை எழுதி நம் அறை அலமாரியில் வைத்தேன். பாய் வேண்டும்போது வருவார், இரண்டு முறை அமுக்கி இழுப்பார், போய்விடுவார். நான் நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன். அதுவரைக்கும் நல்ல காரியம்தான்.

மார்கழியில் ஒருநாள் காலை ஷிஃப்ட்டில் பாய்க்கு வீசிங் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஓசூர்ப் பனி, டீசல் புகை. சிஸ்டர் அன்று லீவு. பாய் பஃப் இழுத்தார். பரவாயில்லை, கொஞ்சம் உட்காரட்டும் என்றேன். ஆனால் யார்டில் மூன்று லாரி நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர், மதுரைப் பக்கத்துப் பையன், நல்லவன்தான், வந்து நின்றான்.

"என்னண்ணே, பாயி உக்காந்துட்டாப்ல? ஒரு ஊசியப் போட்டுக் கூட்டியாந்துருவோம். டீ டயத்துக்குள்ள வந்துரலாம்."

நம் ஆட்களுக்கு ஊசி மேல் இருக்கும் நம்பிக்கையை நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். காய்ச்சலுக்கு ஊசி, முதுகு வலிக்கு ஊசி, வீசிங்குக்கு இடுப்பில் ஊசி. மாத்திரை கொடுக்கிற டாக்டரைவிட ஊசி போடுகிற டாக்டருக்குத்தான் பெயர். பாயும், "ஆமா, ஒரு ஊசி போட்டா பட்டுன்னு வுட்டுடும்" என்றார். கம்பெனி வண்டியில் மூன்று பேரும் ஹைவேயில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் கேட்டார். "சுகர் இருக்கா?"

"இல்ல சார்."

"பிரஷர்?"

"இல்ல சார்."

இரண்டும் உண்மை. மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். நான் சொன்னால் அவன் காதில் விழும். பாயின் வண்டி போய்விடும். அதோடு, ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒரு டாக்டரை நிறுத்தி, "சார், கொஞ்சம் இருங்க" என்று சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டு முடிந்துவிட்டது. அந்த டாக்டர் மேல் தவறு சொல்ல மாட்டேன். தெரிந்தவன் நான்.

சொன்னபடி டீ டைமுக்குள் திரும்பிவிட்டோம். மூன்று லாரியும் லோடாகிப் போனது.

மறுநாள் பாய் பஸ்ஸில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குப்புறப் படுத்திருந்தார். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் கருநீலமாக வீங்கியிருந்தது. தொட்டால் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. ஊசி குத்திய இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்து கசிந்து சேர்ந்துவிட்டது. பெங்களூரில் பத்து நாள் இருந்தார். ரத்தம் ஏற்றினார்கள். கம்பெனிக்கு, இடுப்பில் கட்டி என்று சொல்லி லீவு வாங்கினார்கள். கட்டி என்றதும் எல்லாரும் நம்பினார்கள். ரகசியம் அப்படியே இருந்தது.

நான் சொல்ல வந்த தவறு இது என்று நீங்கள் நினைக்கலாம். இது முதல் தவறு. அடுத்ததை நான் கவனமாக இருந்து செய்தேன்.

பாய் திரும்பி வந்த அன்று நேராக நம் அறைக்கு வந்தார். சிஸ்டர் பதிவேடு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியே வராந்தாவில் நின்று பேசினோம்.

"எங்கள கேக்காம எந்த மருந்தும் எடுக்காதன்னு அங்க சொல்லி அனுப்பிட்டாங்க மாதேசு. எந்த மருந்தும்னா... பஃப்பும் சேத்தியா?"

"கேக்கலையா நீங்க?"

"அங்க போனா எதக் கேக்கணும்னு மறந்துடுது. நீ சொல்லு. நீ அங்கயே இருக்கிற ஆளு."

பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சிஸ்டர் பத்தடி தூரத்தில் இருந்தார். அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், ரகசியம் வெளியே வரும். போன முறை பேசாமல் இருந்து ஒரு மனிதனைப் படுக்க வைத்துவிட்டேன், இந்த முறை பேசியே தீர வேண்டும் என்றும் இருந்தது. அதனால் பேசினேன்.

"சேத்திதான் பாய். பஃப் அடிச்சா நெஞ்சு படபடங்குதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. வால்வு வெச்ச நெஞ்சு. ரத்தம் வேற எளகிக் கெடக்குது. வேணாம்."

"வீசிங் வந்தா?"

"சுடுதண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. தாங்கலன்னா எங்கிட்ட வாங்க, பாத்துக்கலாம்."

"சரி. நீ சொன்னா சரி" என்றார்.

நான் உள்ளே போய்ப் பாயின் கவரை மேல் தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அவர் கை தவறிக்கூட எடுத்துவிடக் கூடாது என்று.

நம் மேசை மேல் அப்போது ஒரு பச்சை டப்பா இருக்கும். உடம்பு வலி மாத்திரை. யார் வேண்டுமானாலும் வந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பதிவு கிடையாது. நான் வருவதற்கு முன்பிருந்தே இருந்த வழக்கம். இடுப்பில் அந்த ரத்தக்கட்டு கரைய இரண்டு மாதம் ஆனது. வண்டியில் குதித்துக் குதித்துப் போகும்போது பாய்க்கு வலிக்கும். வந்து, "மாதேசு, ஒண்ணு குடு" என்பார். பஃப்பைப் பூட்டி வைத்த அதே கையால் பச்சை டப்பாவைத் திறந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. அது மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் சாப்பிடுகிறதுதானே.

மாசி மாதம். பனி விட்டும் விடாமலும் இருந்தது. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். இரண்டு பேர் பாயைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கட்டிலில் படுக்க மறுத்து, உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்துகொண்டார். தோள் ஏறி ஏறி இறங்கியது. பேச வாயைத் திறந்தார்.

"மா..." என்றார். மூச்சு. "தே..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

சிஸ்டர் இரண்டாவது யூனிட்டுக்குப் போயிருந்தார். சூப்பர்வைசர் ஓடி வந்தான். "வண்டி எடுக்கச் சொல்லிட்டேன்ணே. போன தடவ போன கிளினிக்குதான். ஊசியப் போட்டுருவோம், ஏந்திருங்க பாயி."

பாய் தலையை அசைத்தார். அசைத்ததை அவன் சரி என்று எடுத்துக்கொண்டு கையைப் பிடித்தான். எனக்கு மட்டும்தான் தெரியும், அது வேண்டாம் என்ற அசைப்பு.

"ஊசி போடக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இடுப்புல ஊசி போடக் கூடாதுங்க."

"ஏண்ணே?"

அறையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். பாய் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று பார்த்தாரா, சொல் என்று பார்த்தாரா என்பதை நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

"அவருக்கு வால்வு மாத்தியிருக்குது. ரத்தம் எளக்குற மாத்திரை சாப்பிடறாரு. போன தடவ கட்டி இல்ல. அந்த ஊசியால வந்த ரத்தக்கட்டு."

சூப்பர்வைசர் பாயின் கையை விட்டுவிட்டான். "என்னண்ணே சொல்றீக? இத்தன நாளா ஹார்ட் பேஷன்டா வண்டி ஓட்டுனாப்ல?" என்றான். பிறகு, "அப்ப என்னதேன் குடுக்குறது? பஃப்பு?" என்று கேட்டு அவனே பதிலும் சொன்னான். "பஃப்பு அடிச்சா நெஞ்சு வெடிச்சுராதா? ரத்தம் வேற எளகியிருக்குங்குறீக."

நான் வராந்தாவில் சொன்ன அதே வார்த்தைகள். இன்னொருவன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அவற்றில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு தெரியாதவர்கள் ஒரே மாதிரி பயந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒருவனைக் கேட்டுக்கு ஓடி அங்கிருந்து 108-க்கு அடிக்கச் சொன்னேன். நான் நம் அறை மேசைப் போனிலிருந்து இரண்டாவது யூனிட்டில் இருந்த சிஸ்டரைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பேசியதில்லை.

"பஃப் குடுத்தாச்சா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். பூட்டி வெச்சிருக்கேன்."

"பூட்டியா? ஏன்?"

"ரத்த மாத்திரை சாப்பிடறாரு, அதனால..."

"மாதேஷ், கேளுங்க. மூச்சு நின்னுட்டா ரத்தம் எளகியிருந்தா என்ன, கட்டியா இருந்தா என்ன? ரெண்டுக்கும் சண்டை கிடையாது. பூட்டைத் தொறங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஸ்பேசர் எடுங்க."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கயிற்று முடிச்சு இறுகிப்போயிருந்தது, கழற்ற முடியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கயிற்றோடு இழுத்துப் பூட்டில் நுழைத்துத் திறந்தேன். ஸ்பேசர் என்கிற அந்தப் பிளாஸ்டிக் குழாயில் பஃப்பைப் பொருத்தி, பாயின் வாயில் வைத்தேன்.

"ஒரு தடவை அமுக்குங்க. நாலஞ்சு மூச்சு எடுக்கட்டும். அப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமா அடிக்காதீங்க" என்று போனில் குரல் வந்தது.

முதல் அமுக்கு. இரண்டாவது. மூச்சை எண்ண வேண்டும், எண்ணிக்கை எனக்கு நிற்கவில்லை. அறை அமைதியாகிவிட்டதால் பாயின் நெஞ்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிக் டிக் டிக் என்று மிக வேகமாக. சூப்பர்வைசர், "என்னண்ணே சத்தம் அது?" என்று கேட்டுப் பின்னால் நகர்ந்தான். மூன்றாவது. நான்காவது. பாயின் கை நடுங்கியது. "கை நடுங்குது சிஸ்டர்" என்றேன். "நடுங்கும். நெஞ்சும் படபடக்கும். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்தாதீங்க."

ஆறாவதுக்குப் பிறகு பாய் குழாயைத் தள்ளிவிட்டு முழு வாக்கியம் ஒன்று பேசினார்.

"என் வண்டிய... ரிவர்ஸ்லயே வுட்டுட்டு வந்துட்டேன். யாராவது... ஆஃப் பண்ணுங்கப்பா."

யாரோ சிரித்தார்கள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. நான் கூடப் போக முடியாது, அறையை விட்டுப் போகக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு தாளில் என் கையெழுத்திலேயே பெரிதாக எழுதினேன். இரும்பு வால்வு. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இடுப்பில் ஊசி போடக் கூடாது. இத்தனை பஃப் கொடுத்தோம், இத்தனை மணிக்கு. அதை அவர் சட்டைப் பையில் பின் குத்தி அனுப்பினேன். ர, ற எல்லாம் மாறித்தான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அதைப் படித்தார்கள். கையில் ஊசிக் குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள், இடுப்பைத் தொடவில்லை. நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனி டாக்டர் வந்தார். வாரம் இரண்டு நாள் வருகிறவர், கர்நாடகாக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம் கலக்கும். பாய், சிஸ்டர், நான் மூன்று பேரும் இருந்தோம். நான் பச்சை டப்பா விஷயத்தைக் கேட்காமலே சொன்னேன்.

"அய்யோ, அது பேடாப்பா, வேண்டாம்ப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ரத்தம் எளக்குற மாத்திரை மேல இந்த வலி மாத்திரை போட்டா வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம். சில ஆஸ்துமாக்காரங்களுக்கு இதுவே வீசிங்கைக் கெளப்பி விடும். அன்னைக்கு அதனால வந்துச்சா, பனியால வந்துச்சா, சொல்ல முடியாது. இந்த டப்பா இனிமே மேசை மேல இருக்கக் கூடாது."

பிறகு பாயிடம் பொறுமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டதை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

பஃப் நுரையீரலுக்குப் போகிற மருந்து. ரத்த மாத்திரையோடு அது மோதாது. கொஞ்ச நேரம் படபடப்பு இருக்கும், அடங்கிவிடும். அடங்காமல் நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ வலித்தாலோ உடனே வர வேண்டும். பஃப்புக்குப் பயந்து ரத்த மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ரத்த மாத்திரைக்குப் பயந்து பஃப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. நீலப் பஃப் முன்பைவிட அடிக்கடி தேவைப்பட்டால் அது பஃப்பின் குற்றம் இல்லை, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். வேறு தினசரி பஃப் தேவைப்படலாம், வந்து காட்ட வேண்டும். வீசிங் கூடி, யாராவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ எழுதினால், ரத்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்கிற டெஸ்டைச் சீக்கிரமே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்துகள்தான் கணக்கை மாற்றுகிறவை. வலிக்கு எது சாப்பிடலாம் என்று கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. பஃப்பை நிறுத்தச் சொன்னது யாரு?"

மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் பாயின் டிக் டிக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"யாரும் சொல்லல சார்" என்றார் பாய். "நானேதான் வுட்டுட்டேன். படிப்பு இல்லாதவன் பாருங்க."

டாக்டர் அவரைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். பாய் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நான் அலமாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாயை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பயந்தது அதுதான், அது நடந்தது. வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். சிஸ்டர் இரண்டு முறை பர்சனல் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்ததால் ஸ்டோரில் போட்டார்கள். வண்டி திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது வண்டி ஓட்டுகிற பையன் ஸ்டோர் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம், "டேய், திரும்பறப்ப ஹாரன் அடிடா, திருட்டுக் கல்யாணமா இது, சத்தமில்லாம போறதுக்கு!" என்று பாய் கத்துவார். அவர் சட்டைப் பையில் நீலப் பஃப் இருக்கும், கூடவே கேட்டில் காட்ட ஒரு மஞ்சள் அட்டை. பஃப்பை உள்ளே கொண்டுபோக அனுமதி என்று சிஸ்டர் வாங்கிக் கொடுத்தது. அந்த அட்டையின் பின்பக்கம் அவர் சாப்பிடும் ரத்த மாத்திரையின் பெயர் இருக்கும். யாருடைய பஃப்பும் இப்போது நம் அலமாரியில் இல்லை. அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து திரும்ப ஆரம்பிக்காதீர்கள். ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும்.

உங்களிடம் வருகிறவர் சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்று சொன்னால் மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். தினமும் சாப்பிடுவது எது என்று. ரகசியம் என்று யாராவது சொன்னால், உயிர் ஆபத்து என்றால் சொல்லிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் பாய் என்னிடம் சொல்லியிருக்கமாட்டாரோ என்னவோ. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதிகம் பேசாதவனுக்கு ஒரு நாள் மதிப்பு வந்துவிட்டால் அதை விட மனம் வராது. வராந்தாவில் நடந்தது அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்திகிரியில் பாய் வீட்டுக்குப் போனேன். இதை எழுதப் போகிறேன், நீங்கள் எனக்காகப் பொய் சொன்னதையும் எழுதுவேன், பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இன்னுமா அதத் தூக்கிக்கினு திரியற?" என்றார். "பேர மாத்தாத. மாத்துனா எவன் கதையோன்னு படிப்பாங்க."

"ஏன் பாய் அன்னைக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

பீங்கான் கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டே யோசித்தார். "ஒருத்தன் சீட்டு போனது போதும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அதுவும் இல்லாம, நீ போயிட்டா அங்க என் நெஞ்சுச் சத்தம் தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா?" என்றார்.

அவருடைய வீட்டிலிருந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஆகிவிட்டது.

நம் அறையின் பழைய பதிவேடு இரண்டாவது தட்டில் இருக்கும். பாய்க்கு 108 வந்த அன்றைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். என் கையெழுத்துதான். பெயர், நேரம், மூச்சிரைப்பு, பஃப் ஆறு முறை, 108 என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். சிஸ்டர் அதைப் பார்த்திருக்கிறார், ஒரு முறை விரலை அந்தக் கட்டத்தில் வைத்து என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. இப்போது அந்தப் பதிவேட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் யாராவது பார்த்து அந்தக் கட்டத்தில் ஏற்றிவிடுங்கள்.

காரணம்: பஃப் எடுக்க வேண்டாம் என்று உதவியாளர் மாதேஷ் சொன்னது.

எழுதிய தேதி: 9 மார்ச் 2025.